மில் நிற்கும் நேரம்

முதல் கிழமை வந்த எண் முப்பத்தொன்று.
ஐம்பதுக்குக் கிட்ட வரவேண்டியது.
இவ்வளவு இளகிய டிஎன்ஏ
உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று
பஸ்மிலா சிரித்தாள்:
"சம்மாந்துறைத் தண்ணி அப்பிடி."

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன்.
மைக்காத் தகட்டில் கிடந்த
ஒவ்வோர் இழையின் விளிம்பிலும்
ஒரே அளவில், ஒரே இடைவெளியில் பற்கள்.
உயிர் இவ்வளவு ஒழுங்காக நெளியாது.
யன்னலைத் திறந்தேன்.
மதிலுக்கு அப்பால் மில் ஓடிக்கொண்டிருந்தது.

மகா போகத்து நெல். வீதிவரை லொறிகள்.
அணுவிசை நுணுக்குக்காட்டியின் ஊசி
நான் கேட்டுப் பழகிக் கேளாமற் போனதையெல்லாம்
கேட்டிருக்கிறது:
சல்லடை, பெல்ட், உமி விழும் குழாய்.
மில்லின் நடுக்கத்தை
நூலின் குணம் என்று
நான் எழுதி வைத்திருக்கிறேன்.

ராவேலைக்குப் பொறுப்பு ஆதம்பாவா.
இமையெல்லாம் தவிடு.
"எத்தின மணிக்கு நிப்பாட்டுவீங்க?"
"நெல் முடியிற நேரம்."
பிறகு, "எதயாம் புள்ள அளக்கிற?"
"ஒரு நூல். எவ்வளவு வளையும் எண்டு."
"நீளம்?"
கீழே கிடந்த உமியொன்றை எடுத்து விளிம்பைக் காட்டினேன்.
இந்தத் தடிப்புக்குள்
தலைமாடு கால்மாடாக
முந்நூறு நூலை நீட்டிக் கிடத்தலாம்.
உமியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
ஊதிவிட்டார்.
போனை எடுத்தார்:
"நம்பரச் சொல்லு."

அன்றிலிருந்து மிஸ்ட் கோல்.
ஒரு நாள் ஒன்று பத்துக்கு,
ஒரு நாள் ரெண்டு நாற்பதுக்கு.
ஒரேயொரு மணி, பிறகு துண்டிப்பு.
ஏசியை நிறுத்துவேன். விசிறியையும்.
ஒட்டுநாடாவால் மைக்காவை உரித்தால்
காற்றே படாத ஒரு தளம்.
அதில் ஒரு துளி.
பிடித்துவைக்கக் கொஞ்சம் மக்னீசியம்.
கழுவி, உலர்த்தி, ஊசியை இறக்கினால்
வரிவரியாகத் தட்டிக்கொண்டு போகும்.
ஒரு படத்துக்கு எட்டு நிமிடம்.
எட்டு நிமிடமும் கதிரையை நகர்த்துவதில்லை.

கிடந்த விதம் பலவிதம்.
ஒன்று தூண்டில்.
ஒன்று, சோப்பில் ஒட்டிய தலைமயிர்.
யாரும் வளைக்கவில்லை.
தண்ணீரின் சூடு நாலாபக்கமும் இடித்த இடியில்
ஆடி ஆடி, ஒட்டியபோது
எப்படி இருந்ததோ அப்படி.
ஒரு முனையில் எந்தத் திசை பார்த்ததோ
அதை எவ்வளவு தூரம் போய் மறக்கிறது,
அவ்வளவுதான் என் கேள்வி.
குட்டையாகப் பார்த்தால் கம்பி.
நீளமாகப் பார்த்தால் கயிறு.
சாமான் ஒன்றுதான்.

அடினைன் அடுக்கடுக்காக வரும் இடங்களில் மட்டும்
யாரும் தொடாமலே ஒரு சாய்வு,
பிறக்கும்போதே இருந்ததுபோல.
வளைந்திருப்பது வேறு, வளைவது வேறு.
அவற்றுக்குத் தனியாக ஒரு நிரல் போட்டேன்.
பஸ்மிலா அதன் தலைப்பை
இரண்டு தரம் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி கோல் வந்து பத்து நிமிடத்தில்
மில் திரும்ப ஓடியது.
அன்றைய ஏழு நூலையும் வெட்டிவிட்டேன்.
கொப்பியில் காரணம் எழுத வேண்டும்:
'லொறி.'

நானூற்றுப் பன்னிரண்டு நூல்.
ஐம்பத்தொரு நனோமீற்றர்,
கூட்டியோ குறைத்தோ மூன்று.
எல்லா ஊர் டிஎன்ஏயும் போலத்தான்.
பஸ்மிலாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இரவல் மிஷின் பெட்டிக்குள் ஏறி
கொழும்புக்குத் திரும்பிப் போய்விட்டது.
மேசையில் நாலு கால் அடையாளம்.
வேலை முடிந்ததை
ஆதம்பாவாவிடம் இன்னும் சொல்லவில்லை.
நேற்றும் ரெண்டு நாற்பதுக்கு
தலையணைக்குக் கீழே போன் ஒருமுறை அடித்து நின்றது.
நான் எடுப்பதில்லை,
எடுத்தால் அவருக்குக் காசு போகும்.
விழித்துக் கிடந்தேன்.
கதிரையில் வைத்த தம்ளருக்குள்
தண்ணீர்
மெல்ல மெல்ல
ஆடி அடங்கியது.